புராஸ்டேட் புற்றுநோயும் படம் படிக்கும் கணிப்பொறியும்

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இரவில் இருமுறை, மும்முறை சிறுநீர் கழிக்க எழ நேர்ந்தால், குளிர்ச்சி என்று சொல்லி நம் பெரியவர்கள் இருந்துவிடுவது வழக்கம். சாரல் நின்று வெயில் திரும்பிய பின்னும் அத்தொல்லை நீடிக்குமாயின் காரணம் வேறு. அது சர்க்கரை நோயாக இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்த ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமாகவும் இருக்கலாம்.

இச்சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. புளியங்குடிச் சந்தைக்கு வரும் எலுமிச்சையில் சிறியதொன்றின் அளவே இருக்கும். முதுமையில் இது பருப்பது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் சிலருக்கு இதில் புற்றுநோய் தோன்றுகிறது. இந்நோய் சுரப்பியின் வெளிப்புறத்தில் தொடங்குவதே மிகுதியாதலால், தொடக்கத்தில் சிறுநீர்த் தடை ஏதும் தோன்றாமலே இருக்கலாம். எலும்புக்குப் பரவிய பின் இடுப்பும் முதுகும் வலிக்கும். உழவு வேலையால் வந்த வலி என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டே மாதங்களைக் கழித்துவிடுவோர் உண்டு. கூச்சமும் இத்தாமதத்திற்கு ஒரு காரணமே.

பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை முதற்படியாகும். அதன் அளவு உயர்ந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டுவதில்லை. வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும் அது உயரும். ஐயம் நீங்க, சுரப்பியில் ஊசி செலுத்திச் சிறு சிறு சதைத் துணுக்குகளை எடுத்து ஆராய்வார்கள். முன்பு இதனைப் பன்னிரண்டு இடங்களில் பொதுவாக எடுத்து வந்தனர். ஒரு வயலில் பத்து இடத்தில் மண் மாதிரி எடுத்தும், மூலையில் உள்ள களர்த் திட்டு தப்பிவிடுவதை விவசாயிகள் அறிவார்கள். இங்கும் அதுவே நேர்ந்தது.

ஆகவே ஊசிக்கு முன் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முறை வந்தது. இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. வலிய காந்தமும் வானொலி அலையும் வேலை செய்கின்றன. உடலிலுள்ள நீரின் அசைவையும் இப்படம் காட்டும். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலில் நீர் தேங்குவது போல, செல்கள் நெருங்கிப் பெருகிய இடத்தில் நீரணுக்கள் எளிதில் நகர்வதில்லை. அவ்விடம் படத்தில் தனித்துத் தெரியும். 500 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பழைய முறை 100-க்கு 26 பேரிடம் சிகிச்சை வேண்டும் அளவிலான புற்றுநோயைக் கண்டது. படத்தைக் கொண்டு இடம் குறித்த முறை 38 பேரிடம் கண்டது.

எனினும் படத்தைப் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும். அத்தகைய மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இங்கேதான் கணிப்பொறி உதவுகிறது. முடிவு தெரிந்த ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட கணிப்பொறி, புதிய படத்தில் ஐயத்திற்குரிய இடத்தை அடையாளமிட்டுக் காட்டும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படங்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2024-இல் "லான்செட் ஆங்காலஜி" இதழில் வெளிவந்தது. இருபது நாடுகளைச் சேர்ந்த 62 மருத்துவர்கள் படித்ததைவிடக் கணிப்பொறியின் கணிப்பு சராசரியில் சற்று மேலாகவே இருந்தது. ஆனால் அப்படங்கள் நெதர்லாந்து, நார்வே நாட்டு ஆடவருடையவை. நம் நாட்டு மருத்துவமனைகளின் படங்களில் சோதித்த பிறகே இதனை இங்கு முழுதும் நம்பலாம் என்பது நம் கருத்து. கணிப்பொறி இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும், இருப்பதை விட்டுவிடுவதும் உண்டு. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே. கண்ட புற்றுநோய் யாவும் அறுவை வேண்டுவனவும் அல்ல. மெதுவாக வளர்வதைக் கண்காணித்து வந்தாலே போதும் என்று மருத்துவர் கூறுவதும் உண்டு.

தென்காசி வட்டாரத்தினர் முதலில் தென்காசி அரசு மருத்துவமனையில் காட்டிக்கொள்ளலாம். மேற்கொண்டு வேண்டுமாயின், 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்திருப்பின் 45 வயதிலேயே மருத்துவரைக் கேட்பது நலம். கிராம சபை கூடும் நாளில் பஞ்சாயத்து உறுப்பினர் இதை எடுத்துச் சொன்னால் பெரியவர்களின் கூச்சம் ஓரளவு குறையும். படம் எடுக்கச் செல்வோர் உடலில் இதயக் கருவியோ உலோகத் துண்டோ பொருத்தப்பட்டிருந்தால் முன்னதாகவே கூறிவிட வேண்டும். காப்பீட்டு அட்டையையும் பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் மறவாது எடுத்துச் செல்க.