கலப்பு நாயின் பூர்வீகம் அறியும் பரீட்சை

கலப்பு நாயின் ஜாதியைத் தோற்றத்தைக் கொண்டு கூறுவது நெடுநாளைய வழக்கம். காது மடிந்திருந்தால் ஒன்று, வயிறு ஒட்டியிருந்தால் மற்றொன்று என்பர். இது பெரும்பாலும் தவறிப்போகிறது. ரோமத்தின் நீளமும் சுருளும் பெரும்பாலும் மூன்றே ஜீன்களைப் பொறுத்தவை என்று 2009-ல் தெரியவந்தது. நாய்க்குள்ள ஜீன்களோ சுமார் 20,000. உமியின் நிறத்தைப் பார்த்து நெல்லின் ரகத்தை நிச்சயிப்பவர் உண்டோ?

நாயின் உயிரணுவில் 39 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயினுடையது, மற்றது தந்தையினுடையது. பாட்டன் பாட்டியரின் பங்கு சராசரியில் கால் பாகமேயாயினும், சீட்டுக் கலைப்பதுபோல் கலந்து வருவதால் குட்டிக்குக் குட்டி அது கூடியும் குறைந்தும் இருக்கும். ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு கடுவன்கள் தந்தையாயிருத்தலும் உண்டு.

2005-ல் பாக்ஸர் ஜாதிப் பெட்டை ஒன்றின் டி.என்.ஏ. முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. அதன் பின்னர், நாய்க்கு நாய் மாறுபடும் இடங்களைக் குறித்துக்கொண்டு, தெரிந்த ஜாதிகளின் மாதிரிகளோடு ஒப்பிடும் பரீட்சைகள் விற்பனைக்கு வந்தன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். தீனி தின்றவுடன் எடுக்கலாகாது. பால் குடிக்கும் குட்டியாயின் தாயின் அணுக்களும் கலந்துவிடும்.

பரீட்சையின் பலவீனம் அந்த மாதிரிகளிலேயே உள்ளது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலியவற்றின் மாதிரிகள் தொகுதியில் இல்லையாயின், விடை அருகிலுள்ள ஏதோவொரு வெளிநாட்டு ஜாதியின் பெயராக வரக்கூடும். நமது நாட்டு நாயைப் பல ஜாதிகள் கலந்து கெட்டதென்று எண்ணுவதும் பிழை. ஐரோப்பிய ஜாதிகளிற் பெரும்பாலானவை கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் வகுக்கப்பட்டவை. கிராமத்து நாயின் வம்சம் அவற்றிலும் பழமையானது.

காவலுக்கு நாய் தேடுவோர் சான்றிதழை அதிகம் நம்பவேண்டுவதில்லை. 18,000-க்கு மேற்பட்ட நாய்களைக் கொண்டு 2022-ல் வெளியான ஆராய்ச்சியில், நாய்க்கு நாய் காணும் குணவேற்றுமையில் சுமார் 9 சதவீதமே ஜாதியால் விளங்குவதாகக் காணப்பட்டது. தாய் பட்டியைக் காக்கும் விதத்தை நேரிற் சென்று பார்ப்பதே மேல்.

ஆயினும் ஒரு விஷயத்தில் பூர்வீகம் உயிரைப் பற்றியது. கோலி ஜாதியிலும் அதன் கலப்புகளிலும் பல நாய்களுக்கு எம்.டி.ஆர்.1 என்னும் ஜீன் குறைபட்டிருக்கும். அவற்றிற்கு ஐவர்மெக்டின் மருந்து அளவுக்கு மிஞ்சினால் மூளையிற் சேர்ந்து, நடுக்கமும் மயக்கமும் உண்டாக்கிக் கொன்றுவிடவும் கூடும். ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைச் சொறி பிடித்த நாய்க்கும் போடுவது சில இடங்களில் நடக்கிறது; அதை அறவே விலக்கி, கால்நடை மருத்துவரிடம் கேட்டே மருந்திடவேண்டும். இந்த ஜீனுக்கென்று தனிப் பரீட்சை உண்டு. கலப்பு எத்தனை சதவீதமாயினும் அது நேரான விடை தரும்.

குட்டியின் ஜாதி பற்றிய பணத் தகராறு கிராம உத்தியோகஸ்தரிடம் வந்தால், சதவீதக் காகிதத்தை மாத்திரம் கொண்டு தீர்ப்பது நியாயமாகாது. விற்றவர் காட்டும் தாய், தந்தை நாய்களின் மாதிரியையும் குட்டியின் மாதிரியையும் சாட்சிகள் முன்னிலையில் எடுத்து, பெற்றோர்ப் பரீட்சைக்கு அனுப்பலாம். அவை பெற்றோரல்லவாயின் அது ஐயமின்றி வெளிப்படும். பரீட்சைச் செலவை யார் ஏற்பதென்று முன்னரே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.