கட்டடத் தளமும் கமராப் பதிவும்

ஒளிப்படத்தினின்று கட்டடத்தை அளக்கும் முறையினை ஜேர்மனியரான அல்பிரெக்ற் மைடன்பவர் 1858ஆம் ஆண்டளவில் சிந்திக்கத் தொடங்கினார். இன்று கைத்தொலைபேசிக் காணொளியே அதற்குப் போதுமானது. தளத்தைச் சுற்றி நடந்து படம்பிடிக்கையில் ஒரே புள்ளி பல கோணங்களிற் பதிவாகின்றது. அப்பார்வைக் கோடுகள் சந்திக்குமிடங்களைக் கணினி கணித்து முப்பரிமாண உருவை அமைக்கின்றது. ஆயின், ஒற்றைக் கமராவின் படங்கள் வடிவத்தைத் தருமேயன்றி உண்மை அளவைத் தாரா. மேசன் நாடாவால் அளந்த ஒரு நீளமேனும் வேண்டும்.

2004இன் ஆழிப்பேரலையும் 2006–2007இன் போரும் குலைத்த வாகரையில், வீடு கட்டுதலைப் பதிவுசெய்வது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. கொங்கிறீற்று மூடிய கம்பியைக் கமரா காணாது. மூடுமுன் எடுத்த பதிவே சான்றாகும். அது ஒப்பந்தகாரரிடம் மட்டுமிருப்பின் தொழிலாளரைக் கண்காணிக்கும் கருவியாகலாம்; குடியிருப்போரிடமும் இருப்பின் வேலையின் தரத்தை அவர்கள் தட்டிக்கேட்கலாம். எனவே, பதிவின் உடைமை யாருடையது என்பதையே நாம் முதலில் வினவுதல் வேண்டும்.