எலுமிச்சைச் சாறும் கரிசல் வெயிலும்

“எலுமிச்சை இயற்கையானதுதானே டாக்டர், அது என்ன செய்துவிடும்?” முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வரும் இளம்பெண்களும் அவர்களை அழைத்துவரும் தாய்மார்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கைப்பேசியில் பரவும் காணொளியைப் பார்த்து, நிறம் கூடும் என நம்பி எலுமிச்சைச் சாற்றையோ சமையல் சோடாவையோ பூசியிருப்பார்கள். பெரும்பாலும், பெண் பார்க்க வரும் நாள் நெருங்கியிருக்கும்.

தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றின் அளவோ 2 முதல் 3 வரை. சமையல் சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டும் காரம். இரண்டுமே தோலின் காப்புப் படலத்தைக் குலைப்பவை. பருவின் மேல் வைத்துக் கட்டும் பச்சைப் பூண்டும் தோலைப் புண்ணாக்கும்.

எலுமிச்சையில் வேறோர் ஆபத்தும் உண்டு. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் வேதிப்பொருள், புற ஊதாக் கதிர் படும்போது தோலின் செல்களைச் சிதைக்கிறது. உடனே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் எரிச்சலும் கொப்புளமும் தோன்றும். அவை ஆறிய இடத்தில் கருமை மாதக்கணக்கில் நிற்கும். நிழல் குறைந்த நம் கரிசல் மண்ணில், பேருந்துக்கு நிற்கும் நேரமும் தீப்பெட்டி ஆலைக்கு நடக்கும் தூரமுமே இதற்குப் போதுமானவை.

வீட்டுக் கலவை பலிக்காதபோது, தயாரிப்பு விவரமற்ற சிவப்பழகு கிரீம்களைச் சிலர் நாடுகின்றனர். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வடிவம் இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்கள். அவற்றில் கலந்திருந்த பாதரசமே காரணம் எனச் சந்தேகிக்கப்பட்டது.

ஏற்கெனவே பூசியிருந்தால்:

• சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். சில நாள்கள் வெயிலைத் தவிருங்கள்.
• கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசையோ மஞ்சளோ அதன்மேல் வேண்டாம்.
• பூசியது எதுவாயினும் மறைக்காமல் சொல்லுங்கள்; கிரீம் டப்பாவையும் கொண்டுவாருங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாநிறமோ கருமையோ நோயன்று. அதற்கு மருந்தும் தேவையில்லை. “கொஞ்சம் நிறமாக இருந்திருந்தால்” என்று வீட்டில் சொல்லப்படும் ஒரு சொல்லே பல கொப்புளங்களின் தொடக்கம் என்பதை நாங்கள் கண்டுவருகிறோம்.