முட்டித் தேய்மானம் தலைவிதி அல்ல

நடவு முடிந்து கரையேறும் பெண்களைக் கவனியுங்கள். ஒரு கையை வரப்பில் ஊன்றி, மறு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். கேட்டால், "வயசாயிடுச்சு, முட்டியில எண்ணெய் வத்திப்போச்சு" என்பார்கள். அப்படிச் சொல்லும் பலருக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது.

உண்மையில் தேய்வது, எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு. வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை ஆகியவை இதற்குக் காரணங்கள். ஆண்டுக்கணக்கில் குந்தியும், மண்டியிட்டும், பாரம் சுமந்தும் செய்யும் வேலையும் ஒரு காரணம் என்கிறது மருத்துவம்.

அந்த வேலை யாருடையது? நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை, துப்புரவு என்று எங்கும் முன்வரிசையில் நிற்பவர்கள் நிலமற்ற தலித் குடும்பத்தினர். ஓய்வெடுத்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். அந்த மாத்திரை தேய்மானத்தை நிறுத்தாது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரலாம்; சிறுநீரகமும் கெடலாம்.

என்ன செய்யலாம்?

முதல் மருந்து தொடைத் தசைக்கான பயிற்சி. திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினமும் இருவேளை. தசை வலுவானால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முட்டியின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். கைத்தடி பிடிப்பதானால், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள்.

காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ, காலையில் விரல்கள் நெடுநேரம் விறைத்திருந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டுப் பெறுங்கள்

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தேய்மானம் முற்றியவர்களுக்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இந்தக் காப்பீட்டு அட்டை பெறலாம்.

வயலிலும் மாற்றம் வேண்டும். வரிசை நடவு செய்த வயலில் நின்றபடியே களையெடுக்கக் கோனோவீடர் கருவி இருக்கிறது. அதைக் கேட்பதும் கூலி கேட்பதைப் போன்ற உரிமைதான்.

படிக்கும் பிள்ளைகளே, இன்று மாலை அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து நீங்கள் எண்ணுங்கள்.