கீமோவுக்குப் பிறகு காய்ச்சலா? விடியும்வரை காத்திருக்காதீங்க!

ராத்திரி பதினோரு மணி. அம்மாவுக்கு கீமோ போட்டுப் பத்து நாள் ஆகிறது. லேசாக உடம்பு சுடுது, குளிர் நடுக்கம் வேறு. "ஒண்ணுமில்லப்பா, அசதிதான். ஒரு மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்தா சரியாயிடும். இந்த நேரத்துல டாக்டரைத் தொந்தரவு பண்ணாதே" என்கிறார் அம்மா. நீங்களும் சரி, காலையில் பார்த்துக்கலாம் என்று விளக்கை அணைக்கிறீர்கள்.

நிறைய வீடுகளில் நடப்பது இதுதான். ஆனால், அந்த ராத்திரி காத்திருக்கவே கூடாத ராத்திரி. ஏன் என்று பார்ப்போம்.

காய்ச்சல் ஏன் இவ்வளவு ஆபத்து?

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல்லோடு சேர்த்து, எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களும் அடிவாங்கும். அதில் முக்கியமானது 'நியூட்ரோபில்'. கிருமி உள்ளே வந்தால் முதலில் ஓடிவந்து சண்டை போடும் படைவீரன் அதுதான்.

ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பொதுவாக 1,500-க்கு மேல் நியூட்ரோபில்கள் இருக்கும். பல கீமோ மருந்துகளில், ஊசி போட்ட 7 முதல் 14 நாள்களுக்குள் இந்த எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். 500 அல்லது அதற்குக் கீழே போய், காய்ச்சலும் வந்தால், 'நியூட்ரோபீனிக் செப்சிஸ்' என்று சந்தேகித்து உடனே சிகிச்சையைத் தொடங்குவார்கள். சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சீழ், வீக்கம், சிவப்பு எல்லாம் வெள்ளை அணுக்கள் சண்டை போடுவதால் வருபவை. படையே இல்லாதபோது அவை எப்படி வரும்? அதனால் பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் ஒரே எச்சரிக்கை மணி. அந்த மணியையும் பாரசிட்டமால் போட்டு அமுக்கிவிட்டால்? காய்ச்சல் இறங்கும், கிருமி உள்ளே பெருகிக்கொண்டே இருக்கும்.

ஓர் அறிக்கை கிளப்பிய கேள்வி

பிரிட்டனில் 2008-ல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. புற்றுநோய் மருந்து எடுத்த 30 நாள்களுக்குள் இறந்துபோனவர்களின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் 35 சதவிகிதம் பேருக்குத்தான் நல்ல பராமரிப்பு கிடைத்திருந்தது. சிகிச்சை கொடுப்பது ஓரிடம், திடீரென்று முடியாமல் போனால் ஓடுவது வேறிடம். அங்கே இருப்பவர்களுக்கு கீமோவின் பக்கவிளைவுகள் அவ்வளவாகப் பழக்கமில்லை.

மறு ஆண்டே, அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள எல்லா மருத்துவமனைகளிலும் 'அக்யூட் ஆங்காலஜி' என்ற தனிக் குழு வேண்டும் என்று இங்கிலாந்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. திடீரென உடல்நிலை மோசமாகும் புற்றுநோயாளிகளைக் கவனிப்பதுதான் இந்தக் குழுவின் வேலை. செப்சிஸ் சந்தேகம் என்றால், ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்.

கீமோ எடுப்பவர்களுக்கு 24 மணி நேர போன் எண்ணும் கொடுக்கிறார்கள். போனை எடுக்கும் நர்ஸின் கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு பட்டியல் இருக்கும். பச்சை என்றால் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று சொல்வார். மஞ்சள் என்றால் 24 மணி நேரத்துக்குள் மறுபடி விசாரிப்பார். சிவப்பு என்றால் உடனே கிளம்பி வரச் சொல்வார். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் அது ஒரு சிவப்பு! கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் வயிற்றுப்போக்கு என்று தனித்தனியே நாம் அலட்சியப்படுத்துவது, சேரும்போது ஆபத்தாகலாம் என்பதுதான் கணக்கு.

போன் இருந்தும் ஏன் பேசுவதில்லை?

எண் கையில் இருந்தும் மக்கள் தாமதிக்கிறார்கள். ஏன்? முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் நர்ஸ்கள் பிடித்துக்கொண்ட கேள்வி இது. இவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு நிற்பதில்லை. நோயாளி, உடனிருப்பவர், டாக்டர், நர்ஸ் என்று எல்லோரிடமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேத்தரின் ஓக்லி என்ற நர்ஸும் சக ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, செப்சிஸ் பற்றிய பேச்சையே எல்லா தரப்பும் எப்படித் தவிர்க்கிறது என்பதைக் காட்டியது. நோயாளியைப் பயமுறுத்த வேண்டாம் என்று மருத்துவத் தரப்பு மென்று முழுங்குகிறது. மறுபடி ஆஸ்பத்திரியா என்று நோயாளியும் தள்ளிப்போடுகிறார்.

"தொந்தரவு பண்ணாதே" என்ற அந்த அம்மாவின் குரல் லண்டனுக்கும் பொதுதான் போல!

நீங்கள் என்ன செய்யலாம்?

* கீமோ முதல் நாளே, "ராத்திரியில் முடியலைன்னா யாருக்கு போன் பண்ணணும், எங்கே வரணும்?" என்று கேட்டு, எண்ணை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.
* வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் (38 டிகிரி செல்சியஸ்) உடனே போன். உங்கள் டாக்டர் இதைவிடக் குறைந்த அளவு சொல்லியிருந்தால், அதுதான் உங்கள் கணக்கு.
* காய்ச்சலே இல்லாமல் நடுக்கம், குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு வந்தாலும் காத்திருக்காதீர்கள்.
* காய்ச்சலைப் பார்க்காமல், டாக்டரைக் கேட்காமல் பாரசிட்டமால் வேண்டாம்.
* எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லுங்கள்: "கீமோ போட்டு இத்தனை நாள் ஆகுது, இப்போ காய்ச்சல்." கீமோ ஃபைலும் கையில் இருக்கட்டும்.

போய்ப் பார்த்தால் வெறும் சளிக்காய்ச்சலாகக்கூட இருக்கலாம். எல்லோரையும் படுக்கையில் சேர்ப்பதும் இல்லை. ஆபத்து குறைவு என்று உறுதியானால், சிலரை மாத்திரை கொடுத்தே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். அம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை.

அடுத்த முறை அம்மா "தொந்தரவு பண்ணாதே" என்றால், "இதுக்குத்தாம்மா நம்பர் கொடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு போனை எடுங்கள்.