பெயர் யாருக்கு, இலாபம் அவருக்கு

காணியை இழந்து வேறிடத்தில் வாழத் தொடங்கிய குடும்பங்கள், யட்டியாந்தோட்டைப் பக்கம் காய்ச்சும் கித்துள் பாணி போன்ற சிறுதொழில்களை நாடுகின்றன. உழைப்பு நம்முடையது; விலை சொல்பவரோ வாசலுக்கு வரும் வியாபாரி. ஏன்?

தேயிலையின் கதையைப் பார்ப்போம். 1871இல் கிளாஸ்கோவில் கடை திறந்த தோமஸ் லிப்டன், 1890இல் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அக்காலத்தில் பிரித்தானியக் கடைகளில் பெரும்பாலும் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்றார்கள். அவரோ ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் எனப் பொதி செய்து, தம் பெயரை அச்சிட்டு, தோட்டத்திலிருந்து நேரே வருவதாக விளம்பரம் செய்தார். ஏழைத் தொழிலாளியும் வாங்கினார். கொழுந்து பறித்தவை நம்மவர் கைகள். பெயரும் இலாபமும் பொதி செய்தவருக்கு!

சந்தைப்படுத்தல் என்பது இதுதான். நாமும் செய்யலாம். பத்துக் குடும்பங்கள் ஒன்றுசேர்வோம். சீனி கலக்காத பாணியை ஒரே அளவுப் போத்தலில் அடைத்து, ஒரு பெயர் ஒட்டுவோம். அவிசாவளை–அட்டன் வீதி யட்டியாந்தோட்டை ஊடாகவே செல்கிறது. வாங்குவோர் தினமும் கடந்து போகிறார்கள். ஒன்றை மறவாதிருப்போம்: ஒருவர் கலப்படம் செய்தால் பத்து வீட்டின் பெயரும் கெடும்.