சலுகையும் உரிமையும்: தோள்சீலை ஆணைகளை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

'உரிமை' தமிழிற் பழஞ்சொல். 'உரி' என்னும் அடியிற் பிறந்து, ஒன்று ஒருவர்க்கு உரியதாதலைக் குறிக்கும். திருவள்ளுவர் ஒருவன் ஒரு வினைக்குத் தக்கவனாதலை இச்சொல்லாற் சுட்டுவர் (குறள் 518). அரசன் குடிகட்குச் செய்யும் நீதியோ 'முறை' எனப்பட்டது. முறை செய்வோன் அரசன், பெறுவோர் குடிகள். கண்ணகி பாண்டியன் அவையில் தொடுத்த வழக்கின் முனையும் அரசன் கடமை தவறியதன் மேலதேயாம்.

ஐரோப்பிய அறிவொளிக் காலச் சிந்தனையாளர் இவ்வுறவைத் திருப்பி நோக்கினர். உயிரும் விடுதலையும் உடைமையும் அரசு தோன்றுமுன்னரே மாந்தர்க்கு உரியன என்பது 1689-இல் வெளிவந்த ஜான் லாக்கின் நூற்கருத்து. அவ்வுரிமைகளைக் காத்தலே அரசியற் கூட்டமைப்பின் நோக்கம் என 1789-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பிரகடனம் சாற்றிற்று. ஆண்டு, கடமை அரசின்பாலது; உரிமை மாந்தர்பாலது.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று என்பதற்கு நம் மண்ணே சான்று. தக்கலையைத் தன்னகத்தே கொண்ட கல்குளம் வட்டாரம், திருவிதாங்கூர் ஆட்சியில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டத்தின் களங்களுள் ஒன்று. 1829-ஆம் ஆண்டு அரசாணை, கிறித்துவம் தழுவிய நாடார் பெண்டிர் குப்பாயம் அணியலாம் என்றது. உயர்சாதிப் பெண்டிரைப் போல் மேற்சீலை அணிதலைத் தடுத்தது. 1859-இல் உத்திரம் திருநாள் மன்னர் காலத்து ஆணை, நாடார் பெண்டிர் அனைவரும் மார்பை மறைத்துக்கொள்ள இசைந்தது. எனினும் உயர்சாதியார் அணியும் பாங்கில் அணியலாகாது என்னும் வரம்பை விட்டிலது.

விளைந்த பயன் ஒன்றாயின் சொல் வேறுபாட்டால் யாது குறை எனின், கூறுதும். தம் உடலை மறைத்தல் தமக்கு உரியது என்பதே போராடினோர் வேண்டுகோளின் உட்கிடை. ஆணையோ அதனைச் சலுகையாக ஏற்றது. சலுகைக்குக் கொடுப்போன் ஒருவன் உண்டு; கொடுப்போன் அளவும் குறிப்பான். அவ்வளவே இங்குச் சாதி வரம்பாய் நின்றது.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 13-ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம், முரணும் அளவிற்குச் செல்லாது என்கின்றது. ஈண்டு உரிமை சட்டத்தை அளக்கின்றது. 1859-இல் ஆணை உரிமையை அளந்தது. ஆதலின், அரசாணைகளை ஆராய்வோர், ஈந்தது யாது என்பதனோடு, ஈவோனாகத் தன்னை நிறுத்திக்கொண்டவன் யாவன் என்பதனையும் நோக்குதல் வேண்டும்.